ஷார்ட் டிராக் ஸ்டாக் கார் பந்தயம்: புதிதாக வருபவர்களுக்கான பாதுகாப்புக் கேள்வி-பதில்கள்

கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் ஓவல் (நீள்வட்ட) டிராக்கில், சாலைக் கார்களை மாற்றியமைத்து ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயம் நடக்கும். அதில் ஆரம்பநிலைப் பிரிவில் கார் ஓட்ட ஆசைப்படுபவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு டிராக்குக்கும் தனி விதிப்புத்தகம் உண்டு, வாசலில் செல்லுபடியாவது அதுதான். பெரும்பாலான இடங்களில் பொதுவாக இருக்கும் விதிகளையும், அவை எதற்காக வந்தன என்பதையும் மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஷார்ட் டிராக் என்பது எது? ஆரம்பநிலைப் பிரிவுகள் எவை?

ஒரு மைலுக்குக் குறைவான ஓவல் எல்லாமே ஷார்ட் டிராக்தான். உள்ளூர் டிராக்குகள் பெரும்பாலும் கால் மைலிலிருந்து அரை மைல் வரை இருக்கும். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள பௌமன் கிரே ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றியே கால் மைல் ஓவல் ஓடுகிறது. அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் அங்கே 1949 முதல் வாரப் பந்தயம் நடத்துகிறது.

தொடக்கப் பிரிவுகளின் பெயர் ஊருக்கு ஊர் மாறும்: ஸ்ட்ரீட் ஸ்டாக், ஹாபி ஸ்டாக், ப்யூர் ஸ்டாக், மினி ஸ்டாக், ஹார்னெட். முதல் மூன்றில் பழைய ஷெவி மாண்டி கார்லோ, கமாரோ மாதிரியான பின்சக்கர இயக்கக் கார்கள். கடைசி இரண்டில் ஹோண்டா சிவிக், டாட்ஜ் நியான், ஷெவி கேவலியர் போன்ற நான்கு சிலிண்டர் கார்கள். மண் டிராக்குகளில் பல, அயோவா மாநிலம் விண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஎம்சிஏ என்ற பந்தய அமைப்பின் விதிகளைப் பின்பற்றுகின்றன.

சின்னப் பிரிவுதானே என்று நினைக்க வேண்டாம். நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 17 வயதில் ஓட்டத் தொடங்கியது ஸ்ட்ரீட் ஸ்டாக்கில்தான். நம்மவர் கதையும் ஒன்று உண்டு. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் அறிமுகமானது மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் ஷார்ட் டிராக்கில். ஆனால் அவர் அங்கே வந்தது ஃபார்முலா ஒன் வரை ஓட்டிவிட்டு. உங்களுக்கும் எனக்கும் பொருந்துகிற பாதை அது இல்லை.

கால் மைல் டிராக்கில் என்ன பெரிய வேகம் வந்துவிடும்? இத்தனை கெடுபிடி எதற்கு?

கால் மைலை 15 விநாடியில் சுற்றினால் சராசரி வேகம் மணிக்கு 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர். நேர்ப்பகுதியின் கடைசியில் இன்னும் அதிகம். நெடுஞ்சாலையில் சாதாரணமாகப் போகிற வேகம்தான். ஆனால் நெடுஞ்சாலையில் ஓரத்திலேயே கான்கிரீட் சுவர் இருக்காது, பக்கத்தில் இருபது கார்கள் உரசிக்கொண்டு வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மைல் வேகத்தில் சுவரில் நேராக மோதி, முன்பக்கம் நசுங்கி இரண்டே அடிக்குள் கார் நிற்கிறது என்றால், உடம்பின் மேல் விழுவது சராசரியாக 60 ஜி, அதாவது உடல் எடையைப் போல 60 மடங்கு விசை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த நொடியில் கழுத்து 360 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். உள்ளூர் டிராக்குகள் பலவற்றில் சுவர் வெறும் கான்கிரீட்தான். பெரிய டிராக்குகளில் இருக்கும், மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் ஸேஃபர் தடுப்பை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கையில் பணம் குறைவு. எதை முதலில் வாங்க வேண்டும்?

என் வரிசை இது: சீட், பெல்ட், தலை-கழுத்துச் சாதனம், ஹெல்மெட், பிறகு சூட். இந்த ஐந்தும் முடியும்வரை இன்ஜின் பக்கமே திரும்பாதீர்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்பரேட்டருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் செலவழித்துவிட்டு, பழைய இரும்புக்கடையில் கிடைத்த சீட்டில் உட்காருகிறார்கள். விதிப்புத்தகம் அதை அனுமதிக்கவும் கூடும். விதி என்பது உள்ளே விடுவதற்கான குறைந்தபட்ச அளவு, அவ்வளவுதான். அதைத் தாண்டினால் போதும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பைக் ஓட்டும் ஹெல்மெட் இருக்கிறது. போதாதா?

போதாது. டிராக்குகள் கேட்பது, ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ தரம். பைக்குக்கான ஸ்னெல் எம் தரத்தில் தீச்சோதனை கிடையாது. எஸ்ஏ ஹெல்மெட்டின் உள்துணி எளிதில் தீப்பிடிக்காது. ரோல் கேஜ் (ஓட்டுநரைச் சுற்றியுள்ள எஃகுக்குழாய்க் கூண்டு) குழாயில் தலை மீண்டும் மீண்டும் இடிக்கும் என்பதை மனத்தில் வைத்து அதற்கென்று தனிச் சோதனையும் உண்டு. சாலையில் ஓட்டுவதற்கான டிஓடி ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய ஹெல்மெட்டை, பந்தயத்துக்கு முன் காரையும் உபகரணங்களையும் பார்க்கும் டெக் இன்ஸ்பெக்‌ஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தரம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்: எஸ்ஏ2015, எஸ்ஏ2020, எஸ்ஏ2025 என்று. நடப்புத் தரத்தையும் அதற்கு முந்தையதையும் ஏற்பது பரவலான வழக்கம். ஸ்டிக்கர் ஹெல்மெட்டின் உள்ளே, துணியை விலக்கினால் தெரியும். தலை-கழுத்துச் சாதனத்தை மாட்டுவதற்கான திருகுத் துளைகள் எஸ்ஏ2015இலிருந்து கட்டாயமாக வருகின்றன. அவை இல்லாத பழைய ஹெல்மெட்டில் நீங்களாக டிரில் போடாதீர்கள்.

பிறர் போட்ட ஹெல்மெட்டை வாங்கவே வேண்டாம். ஒருமுறை பலமாக அடிவாங்கியிருந்தால் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும்.

தலை-கழுத்துச் சாதனம், ஹான்ஸ் என்கிறார்களே, அது கட்டாயமா?

பல டிராக்குகளில் கட்டாயம். சில இடங்களில் ஆரம்பப் பிரிவுக்கு இன்னும் "வலுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாசகத்தை நீங்கள் "கட்டாயம்" என்றே படியுங்கள்.

அது என்ன செய்கிறது? நேர்மோதலில் பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை. தலை முன்னால் பாயும்போது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. ஓட்டுநர்களைக் கொன்றது பெரும்பாலும் இந்த முறிவுதான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்இயந்திரவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டௌனிங்கும் 1980களிலேயே இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். தோளின் மேல் உட்காரும் ஒரு பட்டை, அதிலிருந்து ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்துக்கும் நாடா. தோள்பெல்ட் அந்தப் பட்டையை அழுத்திப் பிடிக்கும், நாடா தலையைப் பிடிக்கும்.

பல வருடங்கள் அதை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அசௌகரியம், கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றார்கள். 2000ஆம் ஆண்டில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்று நாஸ்காரில் மூவர் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று நாஸ்காரின் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஜூனியரின் தந்தை டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். அவர் இந்தச் சாதனத்தை அணிந்திருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் தன் தேசியத் தொடர்களில் தலை-கழுத்துச் சாதனத்தைக் கட்டாயமாக்கியது.

வாங்கும்போது, பந்தய உபகரணங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 38.1 லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தயாரிப்பாளரிடம் அனுப்பி மறுசான்று வாங்க வேண்டும். கழுத்தைச் சுற்றிப் போடும் வட்ட நுரைப்பட்டை இதற்கு மாற்று இல்லவே இல்லை. அது கழுத்துச் சோர்வைக் குறைக்கும், அதோடு சரி.

சீட் பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டாமே?

உண்டு. எஸ்எஃப்ஐ 16.1 தரத்துப் பெல்ட்டுக்கு, தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. லேபிளில் மாதங்களும் ஆண்டுகளும் அச்சாகி இருக்கும், உரிய இடத்தில் ஓட்டை குத்தியிருப்பார்கள். டெக் ஆள் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது அந்த ஓட்டையைத்தான். சில டிராக்குகள் ஆரம்பப் பிரிவுக்கு ஒன்றிரண்டு ஆண்டு சலுகை தருகின்றன. ஆனால் இந்த விதி வியாபாரத் தந்திரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திறந்த காரில் வெயில் படப் படப் பெல்ட் நாடா வலுவிழக்கும், கண்ணுக்கு அது தெரியாது. பெரிய மோதலுக்குப் பிறகு தேதி மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

குறைந்தது ஐந்து முனைப் பெல்ட் வேண்டும்: இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. நடுவில் வருவது இல்லையென்றால் மோதும்போது உடம்பு பெல்ட்டுக்குக் கீழே வழுக்கிப்போய், இடுப்புப் பெல்ட் வயிற்றின் மேல் ஏறிவிடும்.

பெல்ட்டின் விலையைவிட அதைப் பொருத்தும் விதம் முக்கியம். தோள்பெல்ட் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ, சீட்டுக்குப் பின்னால் உள்ள குறுக்குக் குழாயில் சுற்றப்பட வேண்டும். மிகக் கீழே, தரைத்தகட்டில் போல்ட் போட்டால் மோதலில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். இடுப்புப் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், தொப்பையின் மேல் அல்ல. அட்ஜஸ்டர் சீட்டின் துளைக்குள் போய் மடங்காமல் பாருங்கள். ஒரு பக்கமாக இழுபட்டு மடங்கினால் நாடா கிழிய ஆரம்பிக்கும். மண் டிராக்கில் ஓட்டுபவர்கள் பலர் சுழற்றித் திறக்கும் வட்டப் பூட்டைத் தவிர்த்து, நெம்புகோல் மாதிரியான லாட்ச் வகையை வாங்குகிறார்கள், ஏனென்றால் மண் புகுந்தால் வட்டப் பூட்டு இறுகிவிடும்.

காரோடு வந்த சீட்டையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அலுமினிய ரேஸ் சீட் வேண்டும். தலைக்கும் தோளுக்கும் விலாவுக்கும் இரு பக்கமும் தாங்கல் உள்ள முழுச்சுற்று சீட்டாக இருந்தால் நல்லது. அதை ரோல் கேஜோடு சேர்ந்த சட்டத்தில் போல்ட் போட வேண்டும். கார் தரை என்பது வெறும் தகடு, அதில் பொருத்திய சீட் மோதலில் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரும்.

டிரைவிங் சூட் ஒற்றை அடுக்கு போதுமா? ஜீன்ஸ், டிஷர்ட் போட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேனே?

இன்னும் அப்படி விடும் டிராக்குகள் இருந்தால், அங்கே உங்கள் தோலைக் காப்பது உங்கள் வேலை. சூட்டின் எண்ணைக் காலக்கணக்காகப் புரிந்துகொள்ளுங்கள். எஸ்எஃப்ஐ 3.2ஏ/1 என்றால் சோதனைத் தீயில் இரண்டாம் நிலைத் தீக்காயம் வர சுமார் 3 விநாடி. 3.2ஏ/5 என்றால் சுமார் 10 விநாடி. பெல்ட்டைக் கழற்றி, ஸ்டியரிங்கை உருவி, ஜன்னல் வலையை இறக்கி, வெளியே ஏற மூன்று விநாடி யாருக்கும் போதாது. ஒற்றை அடுக்குதான் வாங்க முடியும் என்றால் உள்ளே நோமெக்ஸ் என்ற, எளிதில் தீப்பிடிக்காத துணியில் செய்த உள்ளாடை போடுங்கள், அதிலும் கணிசமான நேரம் கிடைக்கும். பாலியெஸ்டர், நைலான் உள்ளாடை மட்டும் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையுறைக்கும் ஷூவுக்கும் எஸ்எஃப்ஐ 3.3 தரம். கிரீஸ் கறை படிந்த சூட் தானே எரிபொருளாகிவிடும், அதனால் அதைப் போட்டுக்கொண்டு இன்ஜின் வேலை பார்க்காதீர்கள்.

ரோல் கேஜில் என்னென்ன பார்ப்பார்கள்?

பரவலாகக் கேட்கப்படும் அளவு ஒன்றே முக்கால் அங்குல வெளிவிட்டம், 0.095 அங்குலத் தடிமன் உள்ள எஃகுக் குழாய். தண்ணீர்க் குழாய், கால்வனைஸ்டு குழாய், மரைபோட்ட இணைப்பு எதுவும் ஆகாது. தடிமனைப் பார்க்கக் குழாயில் கால் அங்குல ஓட்டை போடச் சொல்வார்கள், அதனால் மெல்லிய குழாயைப் பெயின்டில் மறைக்க முடியாது.

ஓட்டுநர் கதவுப் பக்கம் குறைந்தது மூன்று கிடைக்குழாய்கள், அவற்றின் மேல் எஃகுத் தகடு. ஓவலில் கார்கள் இடஞ்சுழியாக ஓடும். சுழன்று குறுக்கே நின்ற கார் ஒன்று, பின்னால் வரும் கார்களுக்குத் தன் கதவைக் காட்டிக்கொண்டு நிற்கும். அது ஓட்டுநர் பக்கக் கதவாக இருந்துவிட்டால் அந்தக் குழாய்கள்தான் காப்பு.

தலை, முழங்கால், முழங்கை எட்டும் குழாய்களில் எல்லாம் கெட்டியான ரேஸ் நுரை சுற்ற வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெத்தென்ற குழாய் உறை வேண்டாம், ஹெல்மெட் அதை அழுத்தி நேராக இரும்பைத் தொட்டுவிடும்.

வெல்டிங் தெரியாதவர்கள் தயவுசெய்து கேஜில் கற்றுக்கொள்ளாதீர்கள். உள்ளூரில் கேஜ் கட்டும் ஆளிடம் கொடுங்கள், அல்லது யாராவது ஓட்டிவிட்டு விற்கும் முழுமையான காரை வாங்குங்கள். முதல் வருடத்துக்கு இரண்டாவதே மலிவு.

காரிலிருந்து எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

கண்ணாடி முழுவதும், ஏர்பேக், பின்சீட், கார்ப்பெட், எரியக்கூடிய பிளாஸ்டிக், வெளிவிளக்குகள். கதவுகளை வெல்டு செய்யவோ சங்கிலியால் கட்டவோ வேண்டும். மண் டிராக்கில் முன்கண்ணாடி இருந்த இடத்தில், ஓட்டுநருக்கு நேரே, செங்குத்தாக மூன்று கம்பிகள் கேட்பார்கள். ஏர்பேக்கைக் கழற்றும் முன் பேட்டரியைத் துண்டித்துச் சற்று நேரம் விடுங்கள்.

பெட்ரோல் டேங்க்?

பின்சக்கர இயக்கக் கார்களில் பல பிரிவுகள் ஃப்யூவல் செல் கேட்கும்: எஃகுப் பெட்டிக்குள் ரப்பர் பை, பைக்குள் நுரை, கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு. முன்சக்கர இயக்கச் சின்னக் கார்களில் டேங்க் பின் அச்சுக்கு முன்னாலேயே இருப்பதால் அதை விட்டுவைக்கும் டிராக்குகள் உண்டு. எதுவானாலும் உங்களுக்கும் எரிபொருளுக்கும் நடுவே இடைவெளி இல்லாத தகட்டுச் சுவர் இருக்க வேண்டும்.

இன்ஜின் பக்கச் சுவரிலும் பழைய வயர் போன ஓட்டைகளை அடையுங்கள். தீ மட்டுமல்ல, புகையும் வரும். ரிக் மாஸ்ட் என்ற நாஸ்கார் ஓட்டுநருக்கு 2002இல் கார்பன் மோனாக்சைடு நச்சு கண்டறியப்பட்டு, பந்தயத்தையே விட நேர்ந்தது. பந்தயம் முடிந்தால் தலைவலிக்கிறது என்பவர்கள் முதலில் எக்ஸாஸ்ட்டைப் பார்க்கட்டும்.

டிரைவ் ஷாஃப்ட்டுக்கு ஏன் வெள்ளை அடிக்கச் சொல்கிறார்கள்?

இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் அந்தத் தண்டு கழன்று டிராக்கில் விழுந்தால் இரவு வெளிச்சத்தில் பின்னால் வருபவர் கண்ணில் படுவதற்கு. காரில் சேர்க்கும் ஈய எடைக்கட்டிகளுக்கும் அதே காரணம், அவற்றில் கார் எண்ணையும் எழுத வேண்டும். எடை யாருடையது என்று பிறகு தெரிந்துவிடும். டிரைவ் ஷாஃப்ட்டின் முன் இணைப்புக்கு அருகே ஒரு எஃகு வளையமும் போட வேண்டும். இணைப்பு உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரைத் தூக்கிப் போடாமல் அது பிடித்துக்கொள்ளும்.

இதே ரகத்தில் இன்னொரு விதி: ரேடியேட்டரில் ஆன்டிஃப்ரீஸ் கூடாது, தண்ணீர் மட்டும். ஆன்டிஃப்ரீஸில் உள்ள கிளைக்கால் டிராக்கில் கொட்டினால் வழுக்கும், லேசில் காயாது, கழுவித் துடைக்கப் பந்தயத்தையே நிறுத்த வேண்டிவரும். பிட்டில் (கார்களைத் தயார் செய்யும் இடம்) மற்றவர்கள் உங்களை மன்னிக்க இரண்டு வாரம் ஆகும்.

ஜன்னல் வலை எதற்கு?

கார் உருளும்போது கையும் தலையும் வெளியே போகாமல் இருக்க. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மோதிய பிறகு நீங்களே வலையை இறக்கினால் "நான் நலம்" என்று சைகை. வலை இறங்கவில்லையென்றால் மீட்புக் குழு உங்களை நோக்கி ஓடிவரும். அதனால் வலை மேலிருந்து கழன்று கீழே விழுகிற மாதிரி, ஒரே கையால் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

மோதி நின்றுவிட்டால் இறங்கி ஓடலாமா?

தீ இல்லையென்றால் காருக்குள்ளேயே, பெல்ட்டோடு, ஹெல்மெட்டோடு இருங்கள். இன்ஜின் சுவிட்சை அணையுங்கள், வலையை இறக்குங்கள், மீட்பு வண்டி வரும்வரை காத்திருங்கள். 2014 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் கனண்டைக்வா மண் டிராக்கில், மோதிய காரிலிருந்து இறங்கி டிராக்கில் நடந்த இளம் ஓட்டுநர் ஒருவர் இன்னொரு கார் மோதி இறந்தார். அடுத்த வாரமே நாஸ்கார் காருக்குள் இருக்கச் சொல்லும் விதியைக் கொண்டுவந்தது. உங்களை இடித்தவனிடம் கை ஓங்கிக்கொண்டு போவதைக் கேலரி கைதட்டி ரசிக்கும். டிராக் உங்களைச் சில வாரம் வெளியே வைக்கும்.

தீ என்றால் வேறு விஷயம், உடனே வெளியேற வேண்டும். வீட்டில் கார் நிற்கும்போதே, ஹெல்மெட்டும் ஹான்ஸும் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிப் பழகுங்கள். முதல் முறை நாடா எங்காவது சிக்கும். மின்சாரத்தைத் துண்டித்து இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் உங்கள் கைக்கும், வெளியே நிற்கும் மீட்பு ஆளின் கைக்கும் எட்ட வேண்டும், "ஆன்", "ஆஃப்" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

என் கார் இன்ஷூரன்ஸ், மருத்துவ இன்ஷூரன்ஸ் செல்லுமா?

கார் இன்ஷூரன்ஸ் செல்லாது. மருத்துவப் பாலிசியில் மோட்டார் பந்தய விலக்கு இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். டிராக் பெரும்பாலும் பங்கேற்பாளர் விபத்துக் காப்பீடு வைத்திருக்கும், வரம்பு எவ்வளவு என்று பிட் வாசலிலேயே கேட்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அங்கே கையெழுத்து வாங்கும் தாள் வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

தலையில் அடிபட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் மயக்கம் இல்லை. அடுத்த வாரம் ஓட்டலாமா?

மருத்துவர் சொல்லும்வரை கூடாது. மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வர வேண்டிய அவசியமில்லை. டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2016 சீசனின் பாதியை இதனால் விட்டார், அவருக்குக் கிடைத்த மருத்துவர்கள் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. உள்ளூர் டிராக்கில் யாரும் உங்களைத் தடுத்து நிறுத்தாமலும் போகலாம். வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நான் குழம்பிப் பேசினால் சாவியை வாங்கிவிடு என்று.

முதல் இரவில் டெக் முடிந்த பிறகு என்ன நடக்கும்?

காரில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஓட்டுநர் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், அன்றைய மறுதொடக்க விதிகளை அங்கேதான் சொல்வார்கள். காதில் மாட்டும் ஒருவழி ரேடியோவை அதற்கு முன்பே சரியான அலைவரிசையில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள், மஞ்சள் கொடி (எச்சரிக்கை, வேகத்தைக் குறை) வந்ததை முதலில் சொல்வது அதுதான். பல டிராக்குகளில் புதியவர்களைக் கடைசி வரிசையிலிருந்து தொடங்கச் சொல்வார்கள், பின் பம்பரில் புதியவர் என்று காட்டும் அடையாளமும் கேட்கலாம். வெட்கப்படாமல் ஒட்டுங்கள். வேகமான கார்கள் உங்களை ஒரு சுற்று முந்திப் பின்னால் வரும்போது உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள், வழிவிடுவதாக நினைத்துத் திடீரென்று விலக வேண்டாம். அவர்கள் தாண்டிப் போய்க்கொள்வார்கள்.